தாழ்மையால் உயர்ந்த சுவார்ட்ஸ் ஐயர்

காஞ்சிமாநகரின் தென்பால், பாலாற்றங்கரையை அடுத்துள்ளது செவிலிமேடு என்னும் ஊர். பட்டு நெசவுக்கும் திருக்கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சியினின்று வந்தவாசிக்குச் செல்வோர் இவ்வூரைக் கடந்தே ஆற்றுப் பாலத்தை அடைவர். இங்கே சாலைக்கிணறு என்றொரு கிணறு உண்டு. வைணவப் பெரியாராகிய இராமானுசர் தம் இளமையில் இக்கிணற்றினின்றும் நாடோறும் நீர் முகந்து, வரதராசப் பெருமாள் கோயிலுக்குச் சுமந்து சென்றார் என்பது வழிவழியாக வழங்கிவரும் வரலாறு. பிற்காலத்தில் எண்ணிறந்தோர்க்கு ஆசிரியராய் விளங்கியவர் தம் தொண்டினை ஒரு குடத்து நீரிலே தொடங்கினார் என்னும் செய்தி, சமய வேறுபாடின்றி எவர் உள்ளத்தையும் உருக்க வல்லது.

யாம் கிறிஸ்தவ மாணாக்கர். அக்கிணற்றங்கரையில் நிற்குங்கால் எம் மனம் எருசலேமின் மேல்வீட்டறை ஒன்றை நாடிச் செல்கின்றது. அங்கே நம் ஆண்டவராகிய இயேசுபெருமான் மேலாடையைக் கழற்றிவைத்து, இடையிலே துண்டு கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் வார்த்துத் தம் சீடரின் அடிகளைக் கழுவினார். தங்களுள் பெரியவன் யார் என்று வழக்காடிய சீடர்க்கு அச்செயலே விடையாயிற்று. இதனால் நாம் அறிவது யாது? தாழ்மை என்பது நாவினாற் கூறும் பணிமொழி அன்று. கைக்கு எட்டிய உயர்வை விட்டுவிட்டு, கைக்கு வந்த பணியை ஏற்றுக்கொள்வதே தாழ்மை. இவ்வுண்மையைத் தமிழ்நாட்டிலே தம் வாழ்வால் விளக்கிய ஒருவரது சரிதத்தை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம். அவரே தஞ்சை சுவார்ட்ஸ் ஐயர்.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்னும் முழுப்பெயருடைய இப்பெரியார், 1726-ஆம் ஆண்டு பிராண்டன்பர்க் நாட்டுச் சோனன்பர்க் என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். ஹாலே சர்வகலாசாலையிற் பயிலுங்கால், தமிழ்நாட்டினின்று திரும்பியிருந்த சூல்ட்ஸ் ஐயர் தமிழ் வேதாகமத்தை அச்சிடும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அவருக்கு உதவுவதற்பொருட்டு இளைஞராகிய சுவார்ட்ஸ் தமிழ் கற்றார். கற்ற மொழியே அவரைத் தன்பால் ஈர்த்தது எனலாம். தந்தைவழிச் சொத்தில் தமக்குரிய பங்கினை உடன்பிறந்தார்க்கே விட்டுக்கொடுத்து, 1749-இல் கோபன்ஹேகன் நகரிற் குருப்பட்டம் பெற்று, 1750-இல் தரங்கம்பாடியை வந்தடைந்தார். வந்த சில திங்களுக்குள் சீகன்பால்கு ஐயர் கட்டிய ஆலயத்திலே தமிழிற் பிரசங்கம் செய்தார். பின்னர்ப் பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி, போர்ச்சுக்கீசியம் ஆகிய மொழிகளையும் கற்றுக்கொண்டார். எவரிடம் பேசினும் அவருடைய மொழியிலேயே பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. பிறரைத் தம் மொழிக்கு இழுக்காமல் தாமே பிறர் மொழிக்குச் செல்வதும் தாழ்மையின் ஒரு வகையே அன்றோ?

அடுத்துத் திருச்சிராப்பள்ளியில் அவர் வாழ்ந்த வாழ்க்கை எளிமைக்கு ஓர் இலக்கணம். கோட்டைக்குள்ளே ஒரு பழைய கட்டடத்தில், கட்டிலிட்டால் நடமாடச் சிறிதே இடம் எஞ்சும் ஓர் அறையே அவர் இல்லம். சோறும் காய்கறியுமே உணவு. கருஞ்சாயம் தோய்த்த பருத்தித் துணியே உடை. மணம் புரிந்தாரல்லர். 1766-இல் அங்கே கிறிஸ்துநாதர் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோட்டையிலிருந்த ஆங்கிலப் படைவீரர்க்குக் குருவாகவும் அவர் பணிசெய்தமையால் அரசாங்கத்தார் ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் அளித்தனர். அதன் பெரும்பகுதியைச் சபைக்கும் பள்ளிக்கும் ஏழைகட்குமே செலவிட்டார். 1778-இல் தஞ்சையைத் தம் நிலையான இருப்பிடமாக்கிக் கொண்டார்.

இங்ஙனம் ஒதுங்கி வாழ்ந்தவரை அரசியல் தேடிக்கொண்டு வந்தது. 1779-ஆம் ஆண்டில் மைசூர் ஐதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியார்க்கும் பகைமை முதிர்ந்தது. ஐதர் கம்பெனித் தூதர் எவரையும் நம்பினாரல்லர். சுவார்ட்ஸ் ஐயர் ஒருவரையே நம்பினார். சென்னைக் கவர்னர் ரம்போல்டு வேண்ட, ஐயர் நெடிது சிந்தித்தே இசைந்தார். போரைத் தடுத்தல் நற்செயல் என்பது ஒன்று; போகும் வழியெல்லாம் நற்செய்தி கூறலாம் என்பது மற்றொன்று. வழிச்செலவன்றி வேறு எதுவும் பெறுவதில்லை என்று உறுதிகொண்டே புறப்பட்டார். சீரங்கப்பட்டணத்திலே ஐதர் அவரைத் தம்மோடு சமமாகக் கம்பளத்தில் அமர்த்தி உரையாடினார். விடைபெறும்போது வழிச்செலவிற்கென 300 ரூபாய் கொண்ட பையொன்றை அனுப்பினார். மறுத்தால் அரசர் மனம் நோவர் எனக் கேட்டு ஐயர் அதனைப் பெற்றுக்கொண்டார். ஆயினும் சென்னை சேர்ந்ததும் அரசாங்கத்தாரிடம் ஒப்புவித்தார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளப் பணித்தபோது, தஞ்சையில் ஏழைப்பிள்ளைகட்கு ஒரு பள்ளி நிறுவ அத்தொகையை முதலாக்கினார்.

தூது சென்றவர் தாழ்மையுடையவர், அனுப்பியவரோ அங்ஙனமல்லர். சமாதானம் நிலைபெறவில்லை. 1780 சூலையில் ஐதரின் படை கருநாடகத்தின்மேற் பாய்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், காஞ்சிக்கு அணித்தாயுள்ள புள்ளலூரில் பெய்லி என்னும் தளபதியின் சேனை அழிந்தது. காஞ்சியிலே தங்கியிருந்த மன்றோ என்னும் தளபதி, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் எறிந்துவிட்டுப் பின்வாங்கினார். இராமானுசர் நீர் சுமந்த அவ்வழிகளே படைகளின் புழுதியால் நிறைந்தன. வேந்தரும் அதிகாரிகளும் ஒருவர்க்கொருவர் தாழ மறுத்தமையால், அவர் பெயரையும் அறியாத உழவரும் நெசவாளரும் இல்லமிழந்து ஓடினர். பெருமை என்பது ஒருவன் உள்ளத்திற்குள் அடங்கும் குற்றம் என்று எண்ணுதல் பிழை. அஃது ஊரையும் எரிக்கும்.

போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் உணவின்றி மக்கள் மடிந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தும், முன்னர்ப் பணம் பெறாது ஏமாந்த குடிகள் அரசர் சொல்லையும் நம்பவில்லை. கம்பெனியார் சொல்லையும் நம்பவில்லை. அந்நிலையில் ஐயர் தாமே விலை தருவதாக வாக்களித்தார். அவ்வொரு சொல்லுக்காக இரண்டொரு நாளில் 1,000 எருதுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டையை அடைந்தது. வாக்களித்தவாறே அனைவர்க்கும் பணம் கொடுக்கப்பட்டது. பிற்காலத்தே வரிக்கொடுமைக்கு அஞ்சி ஊர்விட்டு ஓடிய குடிகளும் அவர் உறுதிமொழியைக் கேட்டு மீண்டனர்; ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர் என்ப. தமக்கென ஒன்றும் வேண்டாதவர் என்பதை நாடறிந்திருந்தது. ஆதலின் படைக்கும் முத்திரைக்கும் கிட்டாத நம்பிக்கை அவருக்குக் கிட்டியது.

இனி அவர் வாழ்வின் பெருஞ்சோதனையைக் கூறுவோம். தஞ்சை மன்னர் துளசா மக்களையெல்லாம் இழந்து, 1787-இல் சரபோசி என்னும் சிறுவனைச் சுவீகாரம் செய்துகொண்டார். தாம் சாகும் தறுவாயில், அச்சிறுவனைக் காக்கும் பொறுப்பை ஏற்குமாறு ஐயரை வேண்டினார். ஒரு நாட்டின் ஆட்சி அவர் கைக்கு எட்டிய வேளை அது. ஐயர் ஏற்கவில்லை, மன்னரின் தம்பியாகிய அமரசிங்கரிடம் ஒப்புவிக்குமாறு அறிவுரை கூறினார். ஆனால் நிகழ்ந்தது வேறு. சுவீகாரம் செல்லாது எனக் கூறிக் கம்பெனியார் அமரசிங்கரையே அரியணை ஏற்றினர். சரபோசி கல்வியும் காற்றுமின்றி அடைபட்டுக் கிடந்தான். அரண்மனையின் பெருமை சூழ்ந்திருந்தபோது விலகிநின்ற ஐயர், துன்பம் சூழ்ந்தபோது விலகவில்லை. சிறுவனை நேரிற் கண்டார், அதிகாரிகட்கு எழுதினார், காவற் பொறுப்பைத் தாமே தாங்கினார், கல்விக்கு வழிசெய்தார். 1793-இல் சரபோசி பாதுகாப்பின்பொருட்டுச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அவரது உரிமைக்காக ஐயர் இறுதிவரை வாதாடினார். பொறுப்பினின்றும் ஓடுவது தாழ்மையாகாது, மகுடம் உள்ள இடத்தில் ஒதுங்கிச் சிலுவை உள்ள இடத்தில் முன்வருவதே தாழ்மை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பெரியோரின் குறையை மறைத்தல் சரிதம் எழுதுவோர்க்கு அழகன்று. தஞ்சைச் சபையில் வெவ்வேறு சாதியார் ஆலயத்துள் வெவ்வேறிடங்களில் அமரும் வழக்கம் இருந்தது. ஐயர் அதனைக் கடிந்து ஒழித்தாரல்லர். நாளடைவில் தேய்ந்தொழியும் என நம்பினார். அந்நம்பிக்கை பலிக்கவில்லை. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதிவேற்றுமையைச் சபையினின்று நீக்கக் கட்டளையிட்டபோது தஞ்சையிற் பலர் சபையைவிட்டே விலகினர். ஐயரின் அன்பு மாணாக்கராகிய வேதநாயக சாஸ்திரியாரும் பழைய வழக்கத்தின் பக்கமே நின்றார். அரசுரிமையை உதறும் ஆற்றலுடைய தாழ்மையும் தன் ஆலயத்துப் பிறப்புப் பெருமையின்முன் பொறுமையோடு காத்திருந்தது. அக்காத்திருத்தலுக்கு விலை கொடுத்தவர் ஆலயத்திலே பின்னிடம் பெற்றவரே. இதனை எழுதுங்கால் எம் கை சிறிது தயங்குகின்றது. எழுதாது விடுதலோ பெருமையின் வேறொரு வடிவமாகும்.

1798 பிப்ரவரி 13-ஆம் நாள், தஞ்சையிலே ஐயர் இறைவனடி சேர்ந்தார். இந்நாட்டிற்கு வந்தபின் தாய்நாட்டிற்கு ஒருமுறையும் திரும்பினாரல்லர். தமக்கென்றிருந்த பொருளைத் திருப்பணிக்கே விட்டுச்சென்றார். அடக்கத்திற்கு வந்த சரபோசி கண்ணீர் சொரிந்தார். அவ்வாண்டிலேயே அரியணை ஏறிய அம்மன்னர், இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச்சின்னம் செய்வித்து, தஞ்சைச் சிவகங்கைக் குளத்தின் அருகிலுள்ள ஆலயத்தில் நிறுவினார். சாகும் தறுவாயிலுள்ள குருவை மன்னர் காணவந்த காட்சி அதிலே செதுக்கப்பட்டுள்ளது. கம்பெனியாரும் சென்னைக் கோட்டை ஆலயத்தில் மற்றொரு சின்னம் எழுப்பினர். பெருமையைத் தேடாதவரை அது தானே தேடிவந்தது.

மாணவ நண்பர்காள்! நம்முன் அரியணை வைக்கப்படவில்லை. ஐதரின் பணப்பையும் வைக்கப்படவில்லை. நமக்குள்ள சோதனைகள் சிறியன. ஆதலின் கண்ணுக்கு எளிதிற் புலப்படாதன. தேர்வில் முதலிடம் பெற்றவன் பின்தங்கியவனோடு உண்ண நாணுகின்றான். சபைக் கூட்டத்தில் பதவிக்கு நின்று தோற்றவர் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு வாரார். குடிப்பிறப்பை வெளியே பேசாத வீடுகளிலும் திருமணப் பேச்சு எழும்போது அது தலைகாட்டுகின்றது. சுவார்ட்ஸ் ஐயர் முடிக்காது விட்ட பணி நம் கையில் இருக்கின்றது. அவர் பெயரைப் போற்றுவோர் அவர் நின்றவிடத்தே நின்றுவிடலாகாது.

சாலைக்கிணற்றினின்று சென்ற குடமும், மேல்வீட்டறையில் நீர் வார்த்த பாத்திரமும், தஞ்சைக்கு நெல் சுமந்த எருதின் பொதியும் நமக்கு ஒன்றையே உணர்த்துகின்றன. சுமப்பவன் குனிந்தே ஆகவேண்டும். குனியும் அருளை ஆண்டவர் நம் அனைவர்க்கும் ஈந்தருள்வாராக.