கைவிளக்கும் கணக்கேடும்

சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். அவள் பொறுப்பில் இருப்பவள் ஒரே ஒரு பெண். அப்பழஞ்சொல்லையே இக்காலத் தமிழ், மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பெண்ணுக்கு வழங்கியிருக்கிறது. ஆனால் இச்செவிலியின் பொறுப்பில் இருப்போர் ஒருவரல்லர். முப்பதின்மர் இருக்கலாம், ஐம்பதின்மரும் இருக்கலாம். ஒரு செவிலியால் எத்தனை பேரைச் செவ்வையாகப் பேண இயலும்? இவ்வினாவை அருளுணர்ச்சிக்கு மட்டும் உரியதாகக் கொள்ளாமல், கணக்கிட்டு விடை காண வேண்டியதாகக் கொண்டவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கவிஞர் உலகம் அவரைக் கைவிளக்கேந்திய காரிகையாகவே அறியும். அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்ததோ கணக்கேடுகளுக்கிடையில்.

1820-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்கும் அமைந்தது. தந்தை வில்லியம் நைட்டிங்கேல் தம் பெண்மக்கள் இருவருக்கும் கிரேக்கம், இலத்தீன், வரலாறு ஆகியவற்றைத் தாமே கற்பித்தார். இளையவரான பிளாரன்சுக்குக் கணிதத்தில் தனி ஈடுபாடு. 16 வயதில், இறைவன் தம்மைப் பணிக்கு அழைத்ததாக உணர்ந்தார். அப்பணி நோயாளரைப் பேணுவதே என அவர் தெளிந்தபோது வீட்டில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. மருத்துவமனைத் தாதியர் குடிப்பழக்கமும் ஒழுக்கக்கேடும் உடையவர் என்பது அந்நாளைய இங்கிலாந்தின் பொதுக்கருத்து. நெடுநாள் போராட்டத்திற்குப் பிறகே, 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் நிலையத்தில் மூன்று திங்கள் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது.

ஊர் குறைகூறிய அத்தாதியர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அவர் நேரில் ஆராய்ந்தார். இலண்டன் மருத்துவமனை ஒன்றில் அவர்கள் நோயாளர் கூடத்தின் வாயிலுக்கு வெளியே, படிக்கட்டுத் தளத்தில், மரக்கூண்டுகளில் உறங்கினர். இரவுப் பணி செய்தவர் பகலின் பேரிரைச்சலில், ஒளியும் காற்றும் இல்லாத அக்கூண்டில் கண்ணயர வேண்டும். ஒழுக்கம் கெட்டது என்று பேசியோர் உறக்கம் கெட்டதைப் பேசவில்லை. அம்மையார் இரண்டையும் ஒருங்கே கண்டார்.

1853-இல் இலண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற பெண்டிருக்கான சிறு மருத்துவ இல்லத்தின் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. ஒவ்வொரு மாடிக்கும் வெந்நீர்க் குழாய் வேண்டுமென்றார். சமையலறையிலிருந்து உணவை மேலே ஏற்றும் பொறி வேண்டுமென்றார். நோயாளர் மணியடித்தால் எவருடைய மணி அடித்தது என்பதைச் செவிலி தன் தளத்திலேயே அறியும் அமைப்பு வேண்டுமென்றார். படியேறி இறங்குவதிலேயே செவிலியின் பொழுது கழிந்தால் பேணுவதற்குப் பொழுது ஏது என்பது அவர் கருத்து. செவிலியின் காலடிகளையும் எண்ணிப் பார்க்கும் நிருவாகம் அங்கே தொடங்கியது.

மறு ஆண்டே கிரிமியப் போர் அவரை அழைத்தது. காயமுற்ற வீரர்களின் அவலம் செய்தித்தாள்களில் வெளிவந்து நாடு கொதித்தபோது, போர்த்துறைச் செயலரும் நண்பருமான சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 38 செவிலியருடன் 1854 அக்டோபர் 21-ஆம் நாள் புறப்பட்டார். நவம்பர் 4-ஆம் நாள், கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குடாரியை அடைந்தார். மறுநாள் இங்கர்மன் போர். கப்பல் கப்பலாக வீரர்கள் வந்திறங்கினர். ஆயிரக்கணக்கான நோயாளருக்கு 38 பெண்கள்!

ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் மேரி ஸ்டான்லி என்பார் தலைமையில் மேலும் 40-க்கு மேற்பட்ட பெண்கள் வந்தபோது, அம்மையார் அவர்களை வரவேற்கவில்லை. தம் இசைவின்றி அனுப்பியதற்காக ஹெர்பர்ட்டைக் கடிந்து எழுதிப் பதவி விலகவும் முனைந்தார். தங்க இடமில்லை, பயிற்சியுடையோர் சிலரே, மேற்பார்வைக்கு வழியில்லை. எண்ணிக்கை வேண்டும், ஆனால் பயிற்சியும் ஒழுங்கும் அற்ற எண்ணிக்கை நோயாளரைக் காக்காது என்பது அவர் நிலை. அவர் கடுமையானவர் என்ற பெயர் அதனால் வளர்ந்தது.

1855 பிப்ரவரியில் ஸ்குடாரியில் மருத்துவம் பெற்றோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் மாண்டனர். மார்ச்சில் வந்த துப்புரவு ஆணைக்குழு கட்டடத்தின் அடியில் அடைபட்டிருந்த சாக்கடைகளைத் திறந்து கழுவி, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஜூனில் இறப்பு நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியபின், புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தபோதுதான் அதன் முழுப்பொருள் அவருக்கு விளங்கியது. தம் கண்முன் மாண்டவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது தாம் பொறுப்பேற்றிருந்த கட்டடமே என்பதை அவர் மறைக்கவில்லை. வரைபடங்களாக்கி ஆள்வோர் முன் வைத்தார். 1858-இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதற்பெண் உறுப்பினராக ஏற்றது. லாங்ஃபெல்லோ 1857-இல் பாடிய கவிதையோ விளக்கை மட்டும் உலகின் நெஞ்சில் நிறுத்தியது.

நோயுற்றுப் பெரும்பாலும் படுக்கையில் இருந்தபடியே அவர் எழுதிக் குவித்தார். மருத்துவமனைகள் பற்றிய அவருடைய நூல் 1859-இல் வெளிவந்தது. ஒரு கூடத்திற்கு 20 முதல் 32 கட்டில்கள் தக்கவை என்று அதில் வரையறுத்தார். கூடங்கள் மிகச் சிறியனவாயின் செவிலியர் பல அறைகளுக்குச் சிதறிப்போவர், செலவும் கூடும். மிகப் பெரியனவாயின் காற்றும் கெடும், கண்காணிப்பும் தளரும். தலைமைச் செவிலியின் அறையிலிருந்து கூடத்தைக் காண ஒரு சன்னல் வேண்டும். தரை தேய்க்கத் தனியாள் வேண்டும். செவிலி பேணுதலை மட்டுமே செய்யவேண்டும். 1860-இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில், மக்கள் அளித்த நிதியைக் கொண்டு அவர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார்.

அக்கணக்கின் கடுஞ்சோதனை லிவர்பூலில் நிகழ்ந்தது. அந்நகரின் ஏழையர் விடுதி மருத்துவமனையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர் இருந்தனர். அவர்களைப் பேணியோர் அவ்விடுதியிலேயே அடைக்கலம் புகுந்த, பயிற்சியற்ற ஏழைப் பெண்கள். வில்லியம் ராத்போன் என்னும் வள்ளல் பொருளுதவ, 1865-இல் அம்மையாரின் மாணவியான ஆக்னஸ் ஜோன்ஸ், பயிற்சி பெற்ற 12 செவிலியருடன் அங்கே சென்றார். விடியுமுன் எழுந்து இரவு நெடுநேரம்வரை உழைத்தார். மூன்றாண்டு நிறைவதற்குள், 1868 பிப்ரவரியில், டைபஸ் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. அப்போது அவருக்கு வயது 35. அவ்வாண்டில் அம்மையார் எழுதிய நினைவுக் கட்டுரை புகழுரையோடு நின்றுவிடவில்லை; பயிற்சி பெற்றுப் பணிக்கு வருமாறு பெண்களுக்கு விடுத்த அழைப்பாகவும் அமைந்தது. ஒருத்தியின் தியாகம் பலருடைய வேலையை ஈடுசெய்யாது என்பதற்கு ஆக்னஸின் வாழ்வே சான்று.

ஏழையருக்கும் பயிற்சி பெற்ற செவிலியர் உரியர் என்று அவர் விடாது வாதிட்டார். 1867-இல் இலண்டன் ஏழையர் மருத்துவத்தைச் சீர்திருத்திய சட்டத்தின் பின்னணியில் அவர் முயற்சியும் உண்டு. இந்தியாவுக்கு ஒருமுறையும் வந்ததில்லை. ஆயினும் இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலியர் ஏற்பாடு குறித்து 1865-இல் திட்டம் எழுதினார். பிற்காலத்தில் செவிலியரை அரசுப் பதிவேட்டில் சேர்க்கும் முயற்சியை எதிர்த்தார். தேர்வு நல்லியல்பை அளக்காது என எண்ணினார். வரலாறு இதில் அவர் பக்கம் நிற்கவில்லை. 1919-இல் அச்சட்டம் நிறைவேறியது.

1910 ஆகஸ்ட் 13-ஆம் நாள், 90-ஆம் வயதில், இலண்டனில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய வந்த அழைப்பைக் குடும்பத்தார் ஏற்கவில்லை. ஹாம்ப்ஷயரின் கிழக்கு வெல்லோ சிற்றூரில் அவர் கல்லறை உள்ளது. அவருக்கென அக்கல்லில் பொறித்தவை பெயரின் இரு முதலெழுத்துகளும், பிறந்த, இறந்த ஆண்டுகளுமே.

ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளர் என்னும் வினா அவரோடு முடியவில்லை. 1999-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் அதற்குச் சட்டம் இயற்றியது. 2004-இல் அது நடைமுறைக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இரு நோயாளருக்கு ஒரு செவிலி என அது வரையறுத்தது. பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு, அறுவை மருத்துவம் பெற்றோரிடையே, ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளர் கூடுந்தோறும் இறப்புக்கான வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் கூடுவதைக் காட்டியது. நள்ளிரவில் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கும் செவிலியின் கையில் விளக்கைக் காணும் கவிஞர், அக்கூடத்துக் கட்டில்களையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.