எலும்பின் வழியே மீண்ட ஓவியம்

ஸ்பெயின் நாட்டின் வடபுலத்தில், அரகோன் பகுதியின் மலையூர்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவத் தொழில் புரிந்தவர் ஹுஸ்தோ ரமோன். ஏழை உழவர் குடியிற் பிறந்து, சவரக்கடையில் உழைத்து, பார்சலோனா வரை நடந்தே சென்று பயின்று, அறுவை மருத்துவரானவர். பாடுபட்டுப் பெற்ற கல்வி ஒன்றே சோறிடும் என்பது அவர்தம் வாழ்வு அவருக்குக் கற்பித்திருந்த பாடம். அவருடைய மூத்த மகனாக 1852 மே 1 அன்று பெத்தியா தெ அரகோன் என்னும் சிற்றூரில் தோன்றியவர் சந்தியாகோ ரமோன் இ கஹால். நரம்பு மண்டலத்தின் கட்டமைப்பை உலகுக்குக் காட்டியவர் என்று அறிவியல் நூல்கள் இவரைப் போற்றும். கவிஞர்கள் கருதத்தக்க வேறொரு வரலாறும் இவர் வாழ்வில் உண்டு. அது, பறிக்கப்பட்ட ஓவியம் மீண்டு வந்த வரலாறு.

சிறுவன் சந்தியாகோவுக்குத் தாள் கிடைத்தால் தாள். கிடைக்காவிடில் சுவரும் கதவும். தந்தையோ ஓவியத்தைச் சோம்பேறிகளின் வேலையாகக் கருதியவர். எழுதுகோலைக் கண்டாற் பறிப்பார், படங்களைக் கண்டாற் கிழிப்பார். வண்ணம் வாங்கக் காசில்லாத பிள்ளை சுவர்ப் பூச்சைச் சுரண்டினான். சுருட்டுத் தாள் விற்கும் சிறு கட்டுகளின் சிவப்பும் நீலமுமான உறைகளை நீரில் ஊறவைத்துச் சாயம் பிழிந்தான். ஐயெர்பே என்னும் ஊரில் குடும்பம் வாழ்ந்தபோது, மகனுக்குத் திறமை உண்டா இல்லையா என்பதை ஒரேயடியாகத் தீர்த்துவிடத் தந்தை முனைந்தார். தீயினாற் சிதைந்த கோயிற் சுவருக்குப் பூச்சுப் பூச வந்திருந்த வெளியூர்த் தொழிலாளி ஒருவரிடம், மகன் வரைந்த சந்தியாகப்பர் படத்தைக் காட்டினார். பெயர் கொண்ட புனிதரையே பிள்ளை வரைந்திருந்தான். இது வெறுங் கிறுக்கல், இவன் ஓவியனாகப் போவதில்லை என்பது தீர்ப்பாயிற்று. கலையின் ஊழைச் சுவர் பூசுபவர் வகுத்துவிட்டார்! ஆயினும் தந்தையைக் கொடியவர் என்று தள்ளிவிடுதல் முறையன்று. வறுமையைத் தின்று வளர்ந்த ஒருவரின் அச்சம் அது.

அதன்பின் பள்ளிகளில் அடியும் பட்டினியும்; வீட்டில் தண்டனையாகச் சவரக்கடையிலும் செருப்புத் தைப்பவரிடமும் தொழில் பழகல். பதினோராம் வயதில் தானே செய்த பீரங்கியால் அண்டை வீட்டுத் தோட்டக் கதவைத் தகர்த்து, சில நாள் சிறையிலும் இருந்தான்.

திருப்பம் 1868ஆம் ஆண்டுக் கோடையில் நேர்ந்தது. மகனை மருத்துவனாக்கியே தீர்வது என்று உறுதி பூண்ட தந்தை, அவனைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, மேலே கிடந்த எலும்புகளைப் பொறுக்கி வந்து பாடம் தொடங்கினார். எலும்பு ஒவ்வொன்றின் மேடும் பள்ளமும் விளிம்பும் துளையும் மனத்திற் பதிய வேண்டும். பதிய வைக்க மகனுக்குத் தெரிந்த வழி ஒன்றே: வரைதல். இம்முறை தந்தை தடுக்கவில்லை. தாம் கிழித்தெறிந்த கலையைத் தாமே கைபிடித்து உள்ளே அழைத்து வந்திருப்பதை அவர் உணர்ந்தாரோ என்னவோ! சரகோசா மருத்துவப் பள்ளியில் இருவரும் சேர்ந்து பிணங்களை அறுத்து ஆராய்ந்தனர். மகன் தீட்டிய நீர்வண்ண உடற்கூற்றுப் படங்களை நூலாக வெளியிடவேண்டும் என்று தந்தையே விரும்பினார். அந்நகரின் அச்சுத் திறன் அப்படங்களுக்கு ஈடுகொடுக்கவில்லை, நூல் வெளிவரவில்லை.

1873இல் மருத்துவப் பட்டம் பெற்றவுடன் படைச் சேவை வந்தது. 1874இல் கியூபாவுக்கு அனுப்பப்பட்டார். சதுப்பு நிலங்களுக்கு நடுவே அமைந்த படை மருத்துவ நிலையங்களில், துப்பாக்கிக் குண்டினும் மிகுதியாகக் காய்ச்சலே வீரர்களை வீழ்த்தியது. அவர்களைப் பேணிய மருத்துவரும் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் அவர்கள் நடுவிலேயே படுத்தார். நோயாளிகளின் உணவு களவாடப்படுவதைக் கண்டு மேலதிகாரிகளோடு மோதினார். 1875இல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பினார். 1878இல் நுரையீரலிலிருந்து குருதி கொட்டிற்று. காசநோய். மலைவாழிடங்களில் தங்கித் தேறிய அந்நாள்களில் நிழற்படக் கருவி அவருக்குத் துணையாயிற்று. மறு ஆண்டு சில்வேரியா அம்மையாரை மணந்தார்.

இதற்கிடையே, 1877இல் முனைவர் பட்டத் தேர்வுக்காக மத்ரித் சென்றிருந்தபோது நுண்ணோக்கியின் வழியே திசுக்களைக் கண்டு மயங்கித் தமக்கென ஒன்றை வாங்கியிருந்தார். கண்டதைப் பிறர்க்குக் காட்ட வேண்டுமானால் வரைந்தாக வேண்டும். தம் தொடக்கக் கட்டுரைகளுக்கான படங்களைக் கல்லச்சில் தாமே பொறித்தார். 1885இல் வாலென்சியாவைக் காலரா சூழ்ந்தது. அங்கே உடற்கூற்றியற் பேராசிரியராய் இருந்த அவர் அந்நோயை ஆராய்ந்து எழுதிய அறிக்கைக்குச் சரகோசா ஆட்சியாளர் தந்த பரிசு, ஜெர்மனியில் செய்த ஜெய்ஸ் நுண்ணோக்கி. மருத்துவர் பெற்ற பரிசு ஓவியருக்குப் பயன்பட்டது.

1887இல் மத்ரிதில் லூயிஸ் சிமார்ரோ என்னும் மருத்துவர், இத்தாலியரான கமில்லோ கோல்ஜி 1873இல் கண்டறிந்த சாயமுறையைக் கஹாலுக்குக் காட்டினார். மூளைத் துண்டத்தைப் பொட்டாசியம் டைகுரோமேட்டிலும் பின் வெள்ளி நைட்ரேட்டிலும் ஊறவைத்தால், எண்ணற்ற உயிரணுக்களுள் ஒரு சில மட்டும், வேர் முதல் நுனி வரை, மஞ்சள் நிலத்தில் மைக்கோடுகளாய்க் கறுத்துத் தோன்றும். பிறர் அதனை நிலையற்ற முறையென ஒதுக்கினர். கஹால் கண்டதோ, இயற்கையே மை தொட்டு வரைந்த படம். இருமுறை ஊறவைத்துச் சாயத்தை வலுப்படுத்தினார். நரம்பிழைகளைக் கொழுப்புறை மூடுமுன் காண்பதற்காகக் கருவையும் இளங்குஞ்சையும் தேர்ந்தார். சிறுமூளையின் புர்கின்யே அணு, கிளைத்த மரமொன்றைச் சுவரோடு சார்த்திப் பரப்பினாற்போல அவர் தாளில் விரிந்தது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பின்னிய ஒரே வலையல்ல, தனித்தனியே நின்று தொடுவன என்னும் உண்மையை அவர் கண்டது, கோட்டின் முடிவு எங்கே என்று விடாது தேடும் ஓவியக் கண்ணாலேயே எனலாம். 1888இல் பார்சலோனாவில் தம் கைப்பணத்தில் ஓர் இதழ் தொடங்கினார். முதல் இதழ் 60 படிகள். உலகம் படிக்காத மொழியில் எழுதியமையால், 1889இல் பெர்லினில் கூடிய உடற்கூற்றியலாளர் மாநாட்டுக்குத் தாமே நுண்ணோக்கியுடன் சென்று, முதுபேரறிஞர் கோலிக்கரைக் கண்ணாற் காணச் செய்தார். 1906இல் நோபல் பரிசு கஹாலுக்கும் கோல்ஜிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அம்மேடையிலும் கோல்ஜி தம் வலைக் கொள்கையை விடவில்லை.

எல்லாம் நன்மைக்கே என்று எளிதிற் கூறிவிடலாகாது. ஓவியனாக விரும்பிய சிறுவன் ஓவியனாகவில்லை. ஐயெர்பே மலைகளை அவன் தீட்டியிருக்கக்கூடிய நிலக்காட்சிகள் உலகுக்குக் கிட்டவில்லை. மீண்டு வந்த ஓவியம், பிணவறையிலும் காய்ச்சற் கட்டிலிலும் பொறுமை பயின்ற வேறோர் ஓவியம்.

1934 அக்டோபர் 17 அன்று மத்ரிதில் கஹால் மறைந்தார். அவர் வரைந்தவற்றுள் ஏறத்தாழ 2,900 படங்கள் அவர் பெயரால் அமைந்த ஆய்வு நிறுவனத்தின் உடைமை. அவற்றுள் சில, 2017இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலுள்ள கலைக்கூடம் ஒன்றில் ஓவியங்களாகவே காட்சிக்கு வைக்கப்பட்டன. பிழையை மறைக்கப் பூசிய வெள்ளையும், பகுதிகளைச் சுட்டும் எழுத்துகளும் அவற்றில் அப்படியே உள்ளன. பெரும்பாலானவை கருமையே. வண்ணத்தின் மீதிருந்த பழைய ஏக்கத்தை அவர் வேறிடத்தில் தீர்த்துக்கொண்டார்: 1912இல், நோபல் பரிசு பெற்ற அறிஞராய் அறுபது வயதில், வண்ண நிழற்படக் கலை பற்றி ஒரு முழு நூல் எழுதினார்.