ஆசிரியர்களின் பாதுகாவலர் அர்ச். லசால்

அர்ச். ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் பிரான்சு தேசத்து ரேம்ஸ் நகரில், 1651-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி, செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தில் பிறந்தார். மீசை அரும்பாத வயதிலேயே, 1667-ல், அந்நகர்க் கதீட்ரலில் நல்ல வருமானமுள்ள கனோன் பதவி அவருக்குக் கிடைத்தது. 1678-ல் குருப்பட்டம் பெற்றார்.

பள்ளிக்கூட வேலை அவர் தேடிப் போனதல்ல. ஏழைப் பையன்களுக்குப் பள்ளி திறக்க 1679-ல் அவ்வூருக்கு வந்த நியேல் என்பவருக்கு ஒத்தாசை செய்யப்போய், அதில் அகப்பட்டுக் கொண்டார். வந்து சேர்ந்த உபாத்தியாயர்களோ அரைகுறைப் படிப்பும் தடுமாறும் நடத்தையும் உள்ளவர்கள். ஆசிரியர் சரியில்லாதபோது கட்டிடம் எதற்கு? முதலில் அவர்களைத் தம் பந்தியில் உட்காரவைத்தார். 1681-ல் தம் வீட்டிலேயே குடியேற்றினார். உறவினர் சீறினார்கள்.

அந்த ஆசிரியர்களே ஒருநாள் அவரை மடக்கினார்கள். தேவபராமரிப்பை நம்பச் சொல்லுகிறவருக்குப் பதவியும் சொத்தும் இருக்கின்றன. பள்ளி மூடப்பட்டால் தெருவில் நிற்பவர்கள் தாங்கள்தானே என்றார்கள். நியாயமான கேள்விதான். லசால் 1683-ல் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் ஆஸ்தியை ஏழைகளுக்கு அப்பமாகப் பங்கிட்டுத் தீர்த்தார். அதன்பின் அவர்கள் அப்படிக் கேட்க இடமிருக்கவில்லை.

அக்காலத்துப் பள்ளிகளில் உபாத்தியாயர் ஒவ்வொரு பையனாகத் தம் மேசையண்டை கூப்பிட்டுப் பாடம் கேட்பார். மற்றவர்கள் சும்மாவிருந்து குறும்பு செய்வார்கள். வாசிப்பையும் இலத்தீனிலேயே தொடங்குவார்கள். ஏழைப்பிள்ளை இலத்தீன் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் தகப்பன் அவனை வேலைக்கு இழுத்துக்கொள்வான். லசால் தாய்மொழியாகிய பிரெஞ்சில் தொடங்கச் செய்தார். ஒத்த நிலையிலுள்ளவர்களை ஒன்றாக உட்காரவைத்து, எல்லாருக்கும் ஒரே சமயத்தில் பாடம் நடத்தச் செய்தார். ஒரே பாடத்திலும் தொடங்குபவர், நடுத்தரமானவர், தேர்ந்தவர் என்று மூன்று வரிசை உண்டு. மாதந்தோறும் மேற்பார்வையாளர் வந்து சோதிப்பார். வயதைப் பார்த்தோ, தகப்பனுடைய அந்தஸ்தைப் பார்த்தோ பிள்ளையை மேலேற்றுவதில்லை; அந்தப் பாடம் கைவந்ததா என்பதே கேள்வி.

இன்னொரு வழக்கம் நம் பெற்றோர்களுக்கும் பிடிக்கும். வருட முடிவில் ஆசிரியர் ஒவ்வொரு மாணவனைப்பற்றியும் ஒரு குறிப்பு எழுதவேண்டும்: அவன் குணம் என்ன, எதில் தளர்வான், கண்டித்தால் திருந்துவானா ஒடிந்துபோவானா என்று. அடுத்த வகுப்பு ஆசிரியருக்கு அது வழிகாட்டும். வராத பிள்ளைகளுக்குத் தனி ஏடு உண்டு. ஏன் வரவில்லை என்று விசாரிப்பார்கள், குற்றம் பல சமயம் வீட்டில்தான் இருக்கும். பிரம்பை அவர் முற்றிலும் விலக்கிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அபூர்வமாகவே எடுக்கவேண்டும், கோபத்தில் எடுக்கவே கூடாது என்பது விதி. காலைச் சாப்பாட்டு வேளையில் மிஞ்சிய அப்பத்தைப் பிள்ளைகளே ஒரு கூடையில் போட, இல்லாதவர்களுக்கு அது பங்கிடப்படும்.

இதையெல்லாம் அவர் தனியே அறையிலிருந்து யோசித்து எழுதவில்லை. அனுபவமுள்ள சகோதரர்களைக் கூட்டி, பலித்ததை வைத்து, பலிக்காததைத் தள்ளி எழுதினார். கிராமங்களுக்கு ஆசிரியர்களைப் பயிற்றவும் ரேம்ஸில் ஒரு விடுதி ஏற்படுத்தினார்.

பாரீசில் கட்டணம் வாங்கி எழுத்துக் கற்பித்துப் பிழைத்தவர்களுக்கு இலவசப் பள்ளி பொறுக்கவில்லை. 1704-ல் வழக்குத் தொடுத்தார்கள். பள்ளிச் சாமான்கள் பறிமுதலாயின, லசாலுக்கு அபராதமும் விழுந்தது. சபை கலையவில்லை.

1719-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி, பெரிய வெள்ளிக்கிழமையன்று, ரூவான் நகரில் மரித்தார். 1900-ல் 13-ம் சிங்கராயர் பாப்பு அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தார். 1950-ல் 12-ம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களுக்குப் பாதுகாவலராக நியமித்தார். சகோதரர்கள் கையெழுத்துப் பிரதியாக வைத்துப் பழகிவந்த அந்தப் பள்ளி விதிநூல், அவர் இறந்த மறு வருடம் 1720-ல்தான் அச்சேறியது.