வைக்கோல் குவியலில் வானிலைக் கணக்கு

முதல் உலக யுத்தம் நடந்துகொண்டு இருந்த சமயம். பிரான்சு நாட்டுப் போர்முனைக்குப் பக்கத்தில் ஒரு குளிர்ந்த விடுதி. அங்கே வைக்கோல் குவியல் மீது உட்கார்ந்து ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டு இருந்தார்.

காயம் அடைந்த வீரர்களை ஆம்புலன்சு வண்டியில் ஏற்றிச் செல்வது அவருடைய வேலை. ஓய்வு கிடைத்தால் கணக்கு!

என்ன கணக்கு தெரியுமா? வானிலையை முன்கூட்டியே சொல்லும் கணக்கு.

அவர்தான் லூயி பிரை ரிச்சர்ட்சன்.

துப்பாக்கி தூக்காதவர்

இங்கிலாந்தில் உள்ள நியூகாசில் நகரில் 1881-ம் ஆண்டு பிறந்தார். ஏழு குழந்தைகளில் இவரே கடைசி. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். யுத்தம் கூடாது என்பது அவர்கள் கொள்கை.

ரிச்சர்ட்சன் கேம்பிரிட்ஜில் படித்தார். 1913-ல் வானிலை இலாகாவில் சேர்ந்தார். யுத்தம் வந்ததும், துப்பாக்கி தூக்க அவருக்கு மனம் இல்லை. வீட்டில் சும்மா இருக்கவும் மனம் இல்லை. 1916-ல் வேலையை விட்டுவிட்டு ஆம்புலன்சு படையில் சேர்ந்தார்.

ஆறு வாரக் கணக்கு

சதுரங்கப் பலகை போல, பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டார். ஒரு கட்டத்துக்குள் பக்கத்துக் கட்டத்தில் இருந்து எவ்வளவு காற்று வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்று தெரிந்தால், அடுத்து நடக்கப்போவதைக் கணக்கிட்டு விடலாம். இதுவே அவருடைய யோசனை.

சோதனைக்கு, 1910-ம் ஆண்டு மே 20-ந் தேதியை எடுத்துக்கொண்டார். ஜெர்மனியின் ஒரு பகுதியில் 6 மணி நேரத்தில் ஏற்படும் மாறுதலைக் கணக்கிட, சுமார் 6 வாரம் பிடித்தது.

விடை? காற்றின் அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அநேகமாக மாறவே இல்லை! கணக்கு படுதோல்வி.

1917-ல் நடந்த சண்டையில் அந்தக் கையெழுத்துப் பிரதியும் காணாமல் போயிற்று. பல மாதங்களுக்குப் பிறகு, பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது.

வேறு ஒருவராக இருந்தால் தோல்வியை மறைத்து இருப்பார். ரிச்சர்ட்சன் மறைக்கவில்லை. தவறான விடையோடு 1922-ல் புத்தகம் வெளியிட்டார்.

64 ஆயிரம் பேர்

அந்தப் புத்தகத்தில் ஒரு கனவும் இருந்தது. பெரிய உருண்டையான மண்டபம். சுவர் முழுவதும் உலகப்படம். 64 ஆயிரம் பேர் உட்கார்ந்து, ஆளுக்குக் கொஞ்சமாகக் கணக்குப் போடுகிறார்கள். நடுவில் ஒரு தலைவர். முந்துகிறவர்கள் மீது சிவந்த ஒளியையும், பிந்துகிறவர்கள் மீது நீல ஒளியையும் பாய்ச்சி, எல்லோரையும் ஒரே வேகத்தில் நடத்துகிறார்!

இதற்கிடையே, 1920-ல் வானிலை இலாகா விமானப்படை அமைச்சகத்தின் கீழ் போயிற்று. ரிச்சர்ட்சன் மறுபடியும் வேலையை உதறினார். கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார்.

எந்திரம் வந்தது

1950-ல் அமெரிக்காவில் எனியாக் என்ற கம்ப்யூட்டர் வானிலைக் கணக்கைப் போட்டது. ஒரு நாள் வானிலையைக் கணக்கிட ஏறக்குறைய ஒரு நாள் ஆயிற்று. செய்தி ரிச்சர்ட்சனுக்குப் போயிற்று. அவர் மகிழ்ந்து பாராட்டினார். 1953-ல் காலமானார்.

அவருடைய வழி தவறு அல்ல, தொடக்க அளவுகளில் இருந்த சிறு பிசகே காரணம் என்பதைப் பின்னர் விஞ்ஞானிகள் காட்டினார்கள். அந்தப் பிசகைச் சரிசெய்து அதே கணக்கைப் போட்டபோது, விடை உண்மையை நெருங்கியது.

இன்றும் அதே கேள்வி

காற்று, கடல் நீரோட்டம், பருவநிலை எல்லாவற்றையும் இன்று கட்டம் போட்டே கணக்கிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான எந்திர மூளைகள் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

ஆனால், எந்திரத்தின் அமைப்பு அடிக்கடி மாறுகிறது. படம் காட்டுவதற்காகச் செய்த சில்லுகள்கூட இப்போது கணக்குப் போடுகின்றன. பழைய எந்திரத்துக்காக எழுதிய லட்சக்கணக்கான வரிகள் புதிய எந்திரத்தில் தடுமாறுகின்றன. ஒரு மூளை வேலை செய்ய, மற்றவை சும்மா காத்து இருக்கும்!

இதற்காக, பிரிட்டிஷ் வானிலை இலாகா புதிய மென்பொருள் ஒன்றை உருவாக்கியது. அதில் விஞ்ஞானிகள் எழுதும் சூத்திரம் தனி. வேலையைப் பங்கு பிரிக்கும் கட்டளை தனி. எந்திரம் மாறினால் பங்கு பிரிக்கும் முறையை மாற்றினால் போதும். சூத்திரத்தில் கை வைக்க வேண்டியது இல்லை.

அந்த மென்பொருளின் பெயர் எல்ப்ரிக். லூயி பிரை ரிச்சர்ட்சன் என்ற பெயரின் சுருக்கம்தான் அது.

எந்த இலாகாவின் வேலையை அவர் கொள்கைக்காக உதறினாரோ, அந்த இலாகாவே இன்று தன் கணக்குக்கு அவர் பெயரை வைத்து இருக்கிறது!