கரும்பு தந்த பெரியவர் சர் டி.எஸ். வெங்கடராமன்



அறிவியல் கண்காட்சிக்காக நான் ஒரு திருக்குறள் வினாடி வினா புரோகிராம் எழுதினேன். முழுசா முடியற வரைக்கும் யாருக்கும் காட்டக் கூடாதுன்னு பென் டிரைவிலேயே வெச்சிருந்தேன். கண்காட்சி அன்னைக்கு வேற கம்ப்யூட்டர்ல போட்டா, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாத் தெரிஞ்சுது. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அப்பத்தான் கம்ப்யூட்டர் சார் ஒரு விஷயம் சொன்னாருங்க. லினக்ஸ் மாதிரி திறந்த மூல மென்பொருள் செய்யறவங்க, புது வசதியை முடிக்கிறதுக்கு முன்னாடியே, சோதனைக்கு மட்டும்னு குறிச்சு, வெளியாட்களுக்குக் கொடுத்துடுவாங்களாம். அவங்க தங்களோட கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லுவாங்க. சிலர் திருத்தியும் அனுப்புவாங்க. தேறினதுதான் அடுத்த பதிப்புல சேரும்.

அதைக் கேட்டதும் எனக்கு உடுமலை அப்பிச்சி சொன்ன கரும்புக் கதை ஞாபகம் வந்தது.

வெங்கடராமன் 1884-ல் பிறந்தவர். 1912-ல் கோவையில் கரும்பு இனப்பெருக்கு நிலையம் தொடங்கியபோது, பார்பர் என்ற ஆங்கிலேய அறிஞரிடம் உதவியாளராக இருந்தார். அப்போது வடநாட்டில் விளைந்தது ஒல்லிக் கரும்பு. நம் நாட்டுக்குச் சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பலில் வந்தது. இவர்கள் தடித்த இனிப்புக் கரும்போடு காட்டு நாணலைக் கலந்து கோ 205 ரகத்தை உருவாக்கினார்கள். அது 1918-ல் வெளிவந்தது. கோ என்றால் நம்ம கோயமுத்தூர்தான்!

கோவையில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். ஆனால் வடநாட்டுப் பனியையும் வறட்சியையும் இங்கே உட்கார்ந்து சோதிக்க முடியுமா? அதனால் பார்பருக்குப் பின் தலைமை ஏற்ற வெங்கடராமன், புதுக் கரும்புகளை எண் போட்டு வெளி மாகாணப் பண்ணைகளுக்குச் சோதனைக்கு அனுப்பினார். பல ரகங்கள் தேறவில்லை. தேறியவற்றில் கோ 213 பீகாரில் பரவியது.

இதைவிட ஆச்சரியம் ஒண்ணு இருக்கு. 1938-ல் கோவையில் கலப்பு செய்த விதை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனது. அது வெறும் விதைதான், ரகம்கூட இல்லை. அங்கே முளைக்க வைத்து, நல்ல செடியைத் தேர்ந்தெடுத்து, 1945-ல் வெளியிட்டார்கள். பெயர் என்.கோ. 310. என் என்றால் நேட்டால், கோ என்றால் கோவை. விதை கொடுத்த ஊரும் முடித்துக் கொடுத்த ஊரும் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டன. அந்தக் கரும்பு பல நாடுகளுக்குப் போனது.

வெங்கடராமன் 1956-ல் பத்மபூஷண் பெற்றார். 1963-ல் மறைந்தார்.

எல்லாம் முடிச்ச பிறகுதான் தரணும்னு அவர் நினைச்சிருந்தா, கோவைக் கரும்பு கோவையிலேயே நின்னிருக்கும், என்னோட புரோகிராம் பென் டிரைவுக்குள்ள நின்ன மாதிரி.

அதனால நண்பர்களே, என் புரோகிராமைக் கோடோட லேப்ல எல்லாக் கம்ப்யூட்டர்லயும் போட்டுட்டேன். இன்னும் 40 குறள்தான் இருக்கு. தப்பும் இருக்கும். ஓட்டிப் பாருங்க, குறை சொல்லுங்க, முடிஞ்சா திருத்துங்க. திருத்தினவங்க பேரு என் பேருக்கு முன்னாடியே வரும்!

– 11-ஆம் வகுப்பு மாணவி, பொள்ளாச்சி