மூன்று பேருக்குப் படிப்பித்த பேராசிரியர்

உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் படித்தவர்களுக்கு அரிஸ்ரோட்டிலைத் தெரியும். கொட்லொப் பிரேகே என்ற பெயர் பலருக்கு ஞாபகம் இராது. ஆனால் அவர்கள் கொப்பியில் எழுதிய குறியீட்டு அளவையியலின் பெரும்பகுதி அந்த ஜெர்மன்காரரின் மேசையிலிருந்து வந்ததுதான். கொக்குவிலில் பல வருடங்கள் இந்தப் பாடத்தைப் படிப்பித்தவன் நான். அவருடைய வாழ்க்கையில் எங்கள் சனம் நின்று யோசிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

1848 நவம்பர் 8 அன்று வட ஜெர்மனியின் துறைமுக நகரான விஸ்மாரில் பிறந்தார். தகப்பன் பெண்கள் பாடசாலை ஒன்றை நடத்தியவர். யேனாவிலும் கோட்டிங்கனிலும் படித்து, 1873 இல் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்த வருடமே யேனா பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கத் தொடங்கினார். அது சம்பளம் இல்லாத பதவி. வகுப்புக்கு வரும் மாணவர் கட்டும் பணம் மட்டுமே கிடைக்கும். வடக்கில் வருடக்கணக்காகத் தொண்டர் ஆசிரியர்களாக நின்றவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

1879 இல் நூறு பக்கமும் வராத ஒரு புத்தகத்தை வெளியிட்டார். இரண்டாயிரம் வருடங்களாக அளவையியல் தாண்டாத வேலியை அது தாண்டியது. வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் இது: எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டுக்கும் வெளிநாட்டில் ஒருவர் இருக்கிறார். இதிலிருந்து, வெளிநாட்டிலுள்ள யாரோ ஒருவர் எல்லா வீட்டுக்கும் உரியவர் என்று முடிவெடுக்கலாமா? அப்படியென்றால் அந்த ஆள் எத்தனை வீட்டுக்குக் காசு அனுப்புவது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். பிழை எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 'எல்லா'வும் 'ஒருவர்'உம் ஒன்றுக்குள் ஒன்றாக வரும் இப்படியான வாக்கியங்களைக் குறியீட்டில் எழுதி, பிழையை நிரூபித்துக் காட்டும் வழியைத் தந்தவர் பிரேகே. அவருடைய குறியீடுகள் பக்கத்தின் குறுக்கே மரக்கிளைபோல் விரிந்தன. அக்காலத்து அறிஞர்கள் அதை வாசிக்கவே சலித்தார்கள்.

அவருடைய பதவி உயர்வுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் ஏர்ன்ஸ்ட் அபே என்ற பௌதிகவியலாளர் நின்றார். சைஸ் வில்லைக் கம்பனியைப் பெரிதாக்கியவர் அவர். 1896 இல் பிரேகேக்குக் கிடைத்த கௌரவப் பேராசிரியர் பதவிக்கும் சைஸ் நிதியமே பணம் கொடுத்தது. முழுமையான பேராசிரியர் கதிரை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

எண்கணிதத்தை அளவையியலின் மேல் கட்டி எழுப்புவதுதான் அவருடைய கனவு. முதலாம் பாகம் 1893 இல் வந்தது. இரண்டாம் பாகத்தைத் தன் சொந்தச் செலவில் அச்சுக்குக் கொடுத்திருந்தபோது, 1902 ஜூனில் பேர்ட்ரண்ட் ரசல் என்ற இளம் ஆங்கிலேயரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தன் பெயரைத் தனக்குள் குறிக்காத பட்டியல்களை எல்லாம் குறிக்கும் ஒரு பட்டியல், தன்னைக் குறிக்க வேண்டுமா, கூடாதா? எப்படிச் சொன்னாலும் முரண்படும். இதே வகையான முரண்பாடு பிரேகேயின் அடிப்படை விதி ஒன்றிலிருந்தே பிறக்கிறது என்று ரசல் காட்டியிருந்தார். பிரேகே மழுப்பவில்லை. அத்திவாரம் அசைந்துவிட்டதை 1903 இல் வந்த இரண்டாம் பாகத்தின் பின்னிணைப்பிலேயே அச்சிட்டார். அடுத்த வருடம் மனைவியும் இறந்துபோனார்.

1913 இல் அவருடைய ஒரு வகுப்புக்கு வந்தவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற இராணுவ மேஜர் ஒருவர், ஒரு மாணவர், அவருடைய நண்பர். அந்த மாணவர்தான் பின்னாளில் உலகறிந்த ருடோல்ஃப் கார்னப். அதற்கு இரண்டு வருடம் முன்னர் தேடி வந்த விற்கன்ஸ்ரைனை ரசலிடம் போகும்படி அனுப்பியவரும் பிரேகேதான். மூன்று பேர் இருந்த அந்த அறையை நினைத்துக்கொண்டுதான், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் நாலு பிள்ளைகளுக்கு நான் படிப்பித்த நாட்களும் ஓடின.

1918 இல் ஓய்வுபெற்று, 1925 ஜூலை 26 அன்று இறந்தார். கையெழுத்துப் பிரதிகள் வளர்ப்பு மகன் அல்ஃபிரட்டிடம் போயின. அவர் 1935 இல் அவற்றை மூன்ஸ்ரர் பல்கலைக்கழகத்தின் ஹைன்றிஷ் ஷோல்ஸ் என்ற பேராசிரியரிடம் கொடுத்தார். 1944 இல் அல்ஃபிரட் போரில் இறந்தார். 1945 மார்ச் 25 அன்று நடந்த விமானக் குண்டுவீச்சில் மூன்ஸ்ரர் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த மூலப் பிரதிகள் அழிந்தன. யாழ்ப்பாண நூலகத்தை 1981 இல் எரியக் கொடுத்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஷோல்ஸ் முக்கியமானவற்றைப் படியெடுத்து வைத்திருந்தார். தப்பிய அந்தப் படிகள்தான் 1969 இல் நூலாயின.

தப்பியவற்றுள் ஒன்று அந்த நூலில் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை. 1924 இல், எழுபத்தைந்து வயதில், பிரேகே எழுதிய நாட்குறிப்பு அது. அல்ஃபிரட் தட்டச்சுச் செய்த பிரதியாக எஞ்சியிருந்தது. யூதர்களுக்குச் சம அரசியல் உரிமை இருப்பதை அதில் அவர் ஒரு கேடாகப் பார்க்கிறார். அவர்கள் ஜெர்மனியில் இல்லாமற்போவதை விரும்புகிறார். ஒருவர் யூதர்தான் என்று நிச்சயமாகக் கண்டுகொள்ள என்ன அடையாளம் என்பதே அவருக்குச் சிக்கலாகத் தெரிகிறது. வரைவிலக்கணம் தேடிப் பழகிய அதே மூளைதான் இதையும் தேடியது. இனக்கலவர நாட்களில் ஒரு சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித்தான் எங்கள் ஆட்களைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தக் குறிப்பு வெறும் கிழவரின் புலம்பலாகத் தெரியவில்லை.

பிரேகே பற்றிப் பெரிய நூல் எழுதிய ஆங்கிலத் தத்துவவாதி மைக்கல் டம்மற், பிரித்தானியாவில் நிறவெறிக்கு எதிராக வேலை செய்வதற்காக அந்த நூலையே சில வருடங்கள் ஒதுக்கி வைத்தவர். அப்படிப்பட்டவர்தான் இந்த நாட்குறிப்பை வாசிக்க நேர்ந்தது. அந்த அதிர்ச்சியை 1973 இல் வந்த நூலின் முன்னுரையில் மறைக்காமல் சொன்னார். அதன் பிறகும் பிரேகே பற்றி எழுதினார். இரண்டையும் செய்தது சரி என்பதே என் எண்ணம். நிரூபணம் யார் எழுதினாலும் நிரூபணம்தான். ஆனால் எழுதியவர் யார் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

நாட்குறிப்பு 1994 இல் ஜெர்மன் மொழியில் அச்சேறியது. அதைப் பற்றி அறிந்த பிறகு, குறியீட்டு அளவையியல் தொடங்கும் நாளிலேயே வகுப்பில் அதையும் சொல்லிவிடுவேன். சில பிள்ளைகள் கொப்பியை மூடிவிட்டு என்னைப் பார்ப்பார்கள். பிறகு திறப்பார்கள். அப்போது சோதனை ஆவணியில் நடந்தது.