மூணு நிமிஷக் குரல்

வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்பில் இயர்போன் மாட்டிக்கிட்டு நிற்கும் நண்பா, எஸ்.ஜி.கிட்டப்பாவைக் கேட்டிருக்கியா?

1906-ல் செங்கோட்டையில் பிறந்தவர். சின்ன வயசிலேயே நாடக மேடை ஏறிட்டார். மைக் இல்லாத காலம். கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்ச் சேரணும். போச்சு! கூட நடித்த கே.பி.சுந்தராம்பாளை 1927-ல் மணந்தார். 1933 டிசம்பரில் இறந்தபோது வயசு வெறும் 27. சுந்தராம்பாள் அதன்பின் வாழ்நாள் முழுக்க வெள்ளைச் சேலைதான்.

விடிய விடிய நடந்த அந்த நாடகங்கள் காற்றோடு போயிடுச்சு. மிஞ்சினது, நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்கு இசைத்தட்டுகள்தான். பக்கத்துக்கு மூணு நிமிஷம். சேகரிப்பவர்கள் அதைப் பொத்திப் பொத்தி வைப்பது சும்மா இல்லை.

கரகரப்பு இருக்கும். தள்ளிவிடாதே, ஒரு பக்கம் முழுசா கேளு.